நவமணியின் வெறுங்கூடை

நவமணியைப் பற்றி எழுத ஈப்போவில் யாருக்கு வேண்டுமானாலும் தகுதி இருக்கலாம், எனக்கு இல்லை. ஆனால் மற்றவர்கள் யாரும் எழுதப் போவதில்லை. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு அவசரம். எனக்கு ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நோயாளிகள் குறைந்துவிடுவார்கள், எழுத நேரம் கிடைக்கிறது. வாய்க்கும் பஞ்சமில்லை. "உன் வாய் பிரேக் இல்லாத லோரி, எல்ஸி" என்று என் கணவர் யேசுதாசன் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறார். அந்த லோரி போன நவம்பரில் நவமணியின் மேல் ஏறிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெலாப்பாங்கிலிருந்து சிம்மோர் போகிற பாதையில் மணிக்கூண்டுத் தோட்டம் என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. இப்போது ரப்பர் மரமும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பு வீடுகள். இரண்டுக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி, இரண்டு ஏக்கர் நிலம் மட்டும் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. முன்பு அங்கே ஆயாக்கொட்டகை இருந்ததாம். பால் வெட்டப் போகிற தாய்மார்கள் கைப்பிள்ளைகளை ஓர் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற இடம். மழைக்காலத்தில் ஆறு ஏறி வரும் என்பதால் வீடு கட்டுகிறவர்கள் அதைத் தொடவில்லை. நிலத்துக்காரர் லியோங் என்ற பெரியவர், சும்மா கிடப்பதற்கு யாராவது நடட்டும் என்று வருஷா வருஷம் நவமணிக்கு எழுதிக் கொடுக்கிறார்.

நவமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி உடம்பு, உரத்த குரல். உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. அவள் வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் ஒழுங்காக வளராது, வளர்ந்தாலும் மஞ்சளாகப் பிளந்து நிற்கும். கீரைக்கட்டை நீட்டும்போது அந்த விரல்களை மட்டும் மடக்கிக்கொள்வாள். முதலில் அதைப் பார்த்துவிட்டு ஏதோ நோய் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து கீரையை மூன்று தரம் கழுவினேன். என் புத்தி அப்படி.

பத்தொன்பது வயதில் அவளை அந்த ரப்பர் தோட்டத்தில் மருந்தடி கேங்கில் போட்டார்கள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மரத்தடிப் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. பம்பு ஒழுகும். மருந்து முதுகில் இறங்கி, கைலியை நனைத்து, தொடை வரை எரியும். கையுறை என்ற ஒன்றை அந்த கேங்கில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்படி ஆறு வருஷம். தோட்டம் மூடியதும் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா, கையுறை. ஆறு வருஷம் வெறுங்கையோடு மருந்தடித்தவள், அடுத்த இருபத்து நான்கு வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் கையுறை செய்து அனுப்பினாள். இதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே அவள் பெயர் வந்தது. அவள் புருஷன் பத்துமலை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். "உனக்கு என்ன தெரியுமோ அதச் செய்" என்று மட்டும் சொன்னாராம். அவளுக்குத் தெரிந்தது மண். அதைவிட நன்றாகத் தெரிந்தது மருந்து. மருந்தில்லாமல்தான் நடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆட்டுப்புழுக்கை, அழுகிய இலை, வாழைத்தண்டு இவைதான் உரம். பூச்சி வந்தால் வேப்பிலையும் பூண்டும் அரைத்துத் தெளிப்பாள். பூச்சிகள் அதைச் சட்னி என்று நினைத்துக்கொண்டன போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டன.

ஒரு தடவை சாலையோரப் புல்லுக்கு மருந்தடிக்க, சாலை வேலைக் குத்தகைக்காரன் ஓர் ஆளை அனுப்பியிருந்தான். வங்காளதேசத்துப் பையன், முதுகில் பம்பு, கையில் ஒன்றுமில்லை. நவமணி ஓடிப்போய் அவன் முன்னால் நின்றுவிட்டாள். என் வேலியோரம் அடிக்காதே என்று சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். சண்டையும் போட்டாள். ஆனால் அதற்கு முன்னால் தன் சாமான் கொட்டகைக்குள் போய் ஒரு பெட்டி கையுறை எடுத்து வந்து அவன் கையில் மாட்டிவிட்டாள். அன்று முதல் அந்த நூறு அடிப் புல்லை அவளே அரிவாளால் வெட்டுகிறாள்.

எனக்கு அவள் பழக்கமானது எங்கள் கோயில் வாசலில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை, அதன் மேல் கீரை, வெண்டி, கத்திரி, மரவள்ளி. நெற்றியில் திருநீறோடு ஒருத்தி மாதா கோயில் வாசலில் கடை போட்டிருந்ததில் எங்கள் ஃபாதருக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. அவர்தான் முதல் ஆளாக வந்து பயத்தங்காய் வாங்குவார். நான் ஒரு கீரைக்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சல்லடை மாதிரி இருந்தது.

"ஏன்மா, நீ கீரை விக்கிறியா, பூச்சி தின்ன மிச்சத்த விக்கிறியா?"

"பூச்சி தின்னு பாத்துச்சிக்கா. இன்னும் உயிரோடதான் இருக்கு. நீங்களும் இருப்பீங்க."

இரண்டு கட்டு வாங்கினேன். கடைந்து சாப்பிட்டபோது யேசுதாசன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது எந்தக் கீரை" என்று கேட்டார். அதே தண்டுக்கீரைதான். மண் வேறு.

ஆனால் கோயில் வாசலை நம்பி எப்படிப் பிழைப்பது? ஒரு ஞாயிறு அரை மணியில் எல்லாம் போய்விடும். அடுத்த ஞாயிறு மழை பெய்தால் எல்லோரும் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு காருக்கு ஓடுவார்கள், அவள் பறித்தது அத்தனையும் வாடிப் போகும். ஒரு நாள் அப்படி வாடிய கீரையை அவள் சாக்கில் திணித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் ஏதாவது செய்துவிடுவேன். அந்தத் தடவை நல்லதைச் செய்தேன்.

என் தெரு, கோயில் பாடகர் குழு, கிளினிக், பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்து முப்பத்திரண்டு வீடுகளைச் சேர்த்தேன். மாதத் தொடக்கத்திலேயே எல்லோரும் நவமணிக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் பத்துமலை வேனில் வீட்டுக்கு ஒரு கூடை வரும். போன வாரக் கூடையை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நீல நிற பிளாஸ்டிக் கூடைகள், வீட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்டில் எண். என் கூடை ஒன்றாம் எண். வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி, அதன் தலையில் ஒரு வரி எழுதினேன்: "மண் இந்த வாரம் எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள்வோம். குறைவாகக் கொடுத்தாலும் விட்டுப் போக மாட்டோம்." எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. வாசித்துப் பார்த்து வாசித்துப் பார்த்து ரசித்தேன்.

இரண்டரை வருஷம் நன்றாகத்தான் ஓடியது. நன்றாக என்று சொல்வது எங்கள் பக்கத்திலிருந்து. அந்த வரியை நாங்கள் தலையில் வைத்துக்கொண்டோமே தவிர, காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரமும் மரவள்ளி வந்தபோது, கலாதேவி டீச்சர் குழுவில் எழுதினார்: "மறுபடியும் மரவள்ளி. ஜப்பான்காரன் திரும்பி வந்துட்டானா?" ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல் இங்கே எல்லோருக்கும் மரவள்ளிதான். எல்லோரும் சிரித்தோம். நானும் மூன்று சிரிப்பு முகம் போட்டேன். கத்திரிக்காய் சின்னதாக இருக்கிறது, வெண்டி முற்றிப் போயிருக்கிறது, போன வாரம் அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் வாழைப்பூ, இப்படி வாரம் தவறாமல் ஏதாவது வரும். நவமணி பதில் எழுத மாட்டாள். ஆனால் குறை சொன்ன வீட்டுக்கு அடுத்த வாரம் இரண்டு பிடி அதிகம் வைப்பாள். கூடையில் இடம் தெரிந்தால் அவளுக்குப் பொறுக்காது. ஒன்றும் இல்லாத வாரத்தில் முருங்கை இலையை உருவிக் குவிப்பாள், வாசனைக்குப் போடும் பாண்டான் இலையைக் கட்டி வைப்பாள். கூடை எப்போதும் கழுத்துவரை நிறைந்துதான் வரும். வியாபாரம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. வியாழக்கிழமை ஆறு ஏறி, வெள்ளிக்கிழமை மத்தியானம் வடிந்தது. டவுனில் எங்களுக்கு அதிகபட்சம் துணி காயவில்லை, அவ்வளவுதான். குழுவில் யாரோ கேட்டார்கள், "நாளைக்குக் கூடை வருமா?" நவமணி ஒரே சொல்லில் பதில் போட்டிருந்தாள், "வரும்." தோட்டம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கூடை வந்தது. நிறைந்த கூடை. பச்சைப் பசேலென்று கீரை, நேரான பயத்தங்காய், பளபளக்கும் கத்திரி. என் வழக்கப்படி பேசினில் உப்புத்தண்ணீர் ஊற்றி கீரையை அமிழ்த்தினேன். பத்து நிமிஷத்தில் புழுக்கள் மேலே மிதந்து வரும், அவற்றை வீட்டுத் தோட்டத்தில் வீசிவிட்டு வருவேன். அன்று பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று, ஒரு புழுவும் வரவில்லை. இலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓர் ஓட்டை இல்லை. நவமணி வாழைநாரில்தான் கட்டுவாள். இந்தக் கட்டின் அடியில், பிய்த்தும் பிய்யாமல், பாசார் என்கிற மொத்தச் சந்தையில் சுற்றுகிற சிவப்பு டேப்பு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"முதல்ல போன் பண்ணிக் கேளு" என்றார் யேசுதாசன். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் படம் எடுத்து, குழுவில் போட்டு, கீழே எழுதியும் விட்டேன்: "நம்ம தோட்டத்துல இப்ப சிவப்பு டேப்பும் காய்க்குது போல. மருந்தடிச்ச பாசார் கீரைய நம்ம தலைல கட்டியிருக்காங்க. எல்லாரும் உங்க கூடைய பாத்துக்குங்க."

பாடகர் குழுவில் பாடும் கார்மென் எழுதினாள், அவள் மகளுக்குத் தோல் அலர்ஜி என்பதால்தான் இந்தக் கூடையில் சேர்ந்தாள், "அதைத்தான் இன்னிக்குப் பிள்ளைக்குக் கொடுத்தேன்." அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது. சாயங்காலத்துக்குள் பத்தொன்பது வீடுகள் குழுவை விட்டுப் போய்விட்டன. கலாதேவி டீச்சர் போகும்போது "நம்பிக்கை என்பது கண்ணாடி" என்று கரும்பலகையில் எழுதுவதுபோல் எழுதிவிட்டுப் போனார். நவமணி ஒரே ஒரு தடவை எழுதினாள். "ஆமா. பாசார்ல வாங்கினது. மன்னிச்சிடுங்க."

அடுத்த நாள் பூசை முடிந்து நேரே தோட்டத்துக்குப் போனேன், சண்டை போட. யேசுதாசன் காரிலிருந்து இறங்கவே இல்லை, ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டார். வேலியைத் தாண்டியதும் என் கால் கணுக்கால்வரை சேற்றில் போயிற்று. பாத்தி என்று ஒன்று இல்லை. வெண்டிச் செடிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, இலைகளில் சேறு காய்ந்து, வெந்ததுபோல் கிடந்தன. பயத்தங்கொடிப் பந்தல் ஆற்றோடு போயிருந்தது. அழுகல் வாடை. வாய்க்கால் ஓரத்தில் நவமணி குனிந்து, வீடுகளிலிருந்து திரும்பி வந்த கூடைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "வாங்கக்கா" என்றாள். நான் திட்ட வந்திருக்கிறேன் என்று தெரிந்தும் வாங்கக்கா.

"ஏன் சொல்லல நவமணி? வெள்ளத்துல போச்சுன்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாம்ல?"

"என்னன்னுக்கா சொல்றது."

"ஒன்னும் இல்லன்னு சொல்றது. அவ்ளோதானே லா."

அவள் கையிலிருந்த கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வெறுங்கூடய எப்படிக்கா அனுப்புறது? பணம் வாங்கிட்டோமேன்னு இல்ல. அது வேற. தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்ப, பக்கத்து வீட்டுலேர்ந்து ஒரு குண்டான்ல கொழம்பு வந்தா, எங்கம்மா அந்தக் குண்டான வெறுமனே திருப்பி அனுப்பினதே இல்ல. ஒன்னுமே இல்லாத அன்னிக்கி ஒரு கை உப்பப் போட்டு அனுப்பும். வெறும் பாத்திரம் அனுப்புனா உறவு அத்துப் போச்சுன்னு அர்த்தம்பாங்க. முப்பத்திரண்டு வீட்டுக்கும் நான் எப்படிக்கா அத அனுப்புவேன்?"

"அதுக்காக மருந்தடிச்சதயா அனுப்புவ?"

"தப்புதான்க்கா. பாசார்ல அந்தக் கீரைய எடுக்குறப்பவே எனக்கு அந்த மருந்து வாட வந்துச்சு. மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆறு வருஷம் மோந்த வாட. டேப்பப் பிச்சிப் போட்டுட்டு நாருல கட்டலாம்னு பாத்தேன், வாழயும் தண்ணில போயிருச்சு." தண்ணீரை மொண்டு கூடையில் ஊற்றினாள். "கார்மென் பிள்ளைக்கி இப்ப எப்படிக்கா இருக்கு?"

"ஒன்னும் இல்ல. நல்லா இருக்கு."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுகிறோம் என்று காட்டிக்கொள்ளாமல் கூடையைத் தேய்த்துக்கொண்டே. பிறகு சொன்னாள், ஜெலாப்பாங் தொழிற்சாலையில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம், துப்புரவு வேலைக்கு. ஏஜெண்டு போன் பண்ணியிருக்கிறான். டிசம்பர் ஒன்றாம் தேதி வருகிறாயா இல்லையா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். "பதிமூணு வீட்ட வச்சிக்கிட்டு இத ஓட்ட முடியாதுக்கா. லியோங் பெரியவர்கிட்ட நெலத்தத் திருப்பிக் கொடுத்துடலாம்னு அவரும் சொல்றாரு." அவர் என்றது பத்துமலையை. அந்த மனிதர் தூரத்தில் சாய்ந்த வேலிக்கம்பை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் எதற்கு வேலியை நிமிர்த்துகிறார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

திட்டாமலேயே திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் அந்தச் சனிக்கிழமைக் கூடை சமையலறை மூலையில் அப்படியே இருந்தது. பாசார் காய்களை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். கொட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை பத்துமலையிடம் கொடுப்பதற்காகக் கூடையை வழக்கம்போல் வாசல் படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

நான் ஆயர் தாவார் என்ற சிற்றூரில் பிறந்தவள். பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரெண்டாங் கறி அனுப்பினால், என் அம்மா அந்தப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, சீனி போட்டுத்தான் என் கையில் கொடுத்தனுப்புவாள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அச்சுமுறுக்கு அனுப்பிய தட்டும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. நவமணி அன்று சொன்ன கதை எனக்குத் தெரியாத கதையே இல்லை. ஆனால் இரண்டரை வருஷமாக, நூற்றுக்கும் மேற்பட்ட சனிக்கிழமைகள், நான் ஒன்றாம் எண் கூடையை வெறுமனே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கழுவிக்கூடக் கொடுத்ததில்லை. முப்பத்திரண்டு வீடுகளும் அப்படித்தான். வாரம் தவறாமல் முப்பத்திரண்டு வெறுங்கூடைகளை வாங்கிக்கொண்ட ஒருத்தி, ஒரே ஒரு வாரம் எங்களுக்கு வெறுங்கூடை அனுப்பப் பயந்து, தன் வாழ்க்கையில் வெறுத்த பொருளைக் கையால் தொட்டிருக்கிறாள். அதற்கு நான் படம் எடுத்துப் போட்டேன்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யேசுதாசன் வந்து "காப்பி வேணுமா" என்று கேட்டார். வேண்டாம், போனைக் கொண்டு வாருங்கள் என்றேன். "மறுபடியுமா?" என்று பயந்தார்.

விட்டுப் போன பத்தொன்பது பேருக்கும் தனித்தனியாக, மீதிப் பேருக்குக் குழுவில், ஒரே செய்தியை அனுப்பினேன்: "நவமணி செஞ்சது தப்பு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆனா முதல் தப்பு என்னோடது. மண்ணு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவோம்னு எழுதினது நான். தோட்டம் தண்ணில கெடந்தப்ப என்னன்னு கேக்காதவளும் நான். வெறுங்கூடை அனுப்பக் கூடாதுன்னு பாசாருக்குப் போயிருக்காங்க. நாம இத்தனை வருஷமா அவங்களுக்கு என்ன அனுப்பினோம்? வர்ற சனிக்கிழமை கூடைய வெறுமனே திருப்பிக் கொடுக்காதீங்க. ஒன்னும் இல்லன்னா ஒரு கை உப்பு போடுங்க. இனிமே அங்கேர்ந்து வெறுங்கூடை வந்தாலும் வாங்கிக்குவேன்னு இருக்கிறவங்க மட்டும் சொல்லுங்க."

இரண்டு மணி நேரம் கழித்துக் கார்மென் எழுதினாள். "எனக்கு இன்னும் கோபம் இருக்கு அக்கா. இருந்தாலும் கூடைய அனுப்புறேன். வெறும் கூடையும் வாங்கிக்கிறேன். பொய்யான கூடைதான் வேணாம்." கார்மெனுக்கு என் வயதில் பாதி. என்னைவிட நன்றாக எழுதியிருந்தாள். அதை அப்படியே நவமணிக்கு அனுப்பிவைத்தேன். அவள் பார்த்தாள், நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைவரை வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் சத்தம் கேட்டது. நான் வாசலில்தான் நின்றேன். பத்துமலை பின்கதவைத் திறந்து ஒன்றாம் எண் எழுதிய கூடையை எடுத்தார். அவர் அதைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. கனமில்லாத பொருளைக் கனமாகத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கழுவித் துடைத்த கூடை. உள்ளே ஒன்றும் இல்லை. ஓர் இலைகூட இல்லை.

"இந்த வாரம் ஒன்னும் இல்லக்கா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அப்படியே சொல்லிக் குடுத்துட்டு வரச் சொன்னா."

நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. அவள் எங்களை நம்பிவிட்டாள், அதுதான் அந்தக் கூடையில் இருந்தது. படியோரம் தயாராக வைத்திருந்த என் கூடையை அவரிடம் கொடுத்தேன். உரத்துக்குக் காயவைத்த முட்டை ஓடு, ஒரு படி அரிசி, அதன் மேல் தாளில் மடித்த ஒரு கை உப்பு. அவர் உப்பைப் பார்த்தார். "எங்க மாமியார் வீட்டு வழக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனை எடுத்தார்.

மறுநாள் பூசை முடிந்து பதினோரு பேர் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனோம். எங்கள் பாடகர் குழு நன்றாகப் பாடும், மண் வெட்டத் தெரியாது. யேசுதாசன் இந்தத் தடவை காரிலிருந்து இறங்கினார், இறங்கிய இடத்திலேயே வழுக்கி விழுந்தார். கொட்டகைக்குள் கூடைகளை வரிசையாக வைத்திருந்தாள் நவமணி. அரிசி, பருப்பு, காய்ந்த பூசணி விதை, ஒருவர் வீட்டுக் கோழி முட்டை, ஒரு மூட்டை ஆட்டுப்புழுக்கை. கலாதேவி டீச்சர் கூடையில் ஐந்து உறைகள், ஒவ்வொன்றிலும் விதை, மேலே முத்து முத்தான எழுத்தில் பெயர். கடைசியில் ஒரு சீட்டு: "மரவள்ளி தவிர எதை நட்டாலும் சம்மதம்." இவை போக, உப்பு. கிட்டத்தட்ட எல்லாக் கூடையிலும் உப்பு.

"அக்கா" என்றாள் நவமணி, "உப்பு போதும்னு குரூப்புல போடுங்கக்கா. இவ்ளோ உப்பு இங்க இருந்தா மண்ணு செத்துரும்."

அந்த அரிசியையும் பருப்பையும் ஒரே அண்டாவில் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். மத்தியானம் எல்லோரும் சேற்றுக் கையோடு குடித்தோம். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். எங்களுக்குப் பரிமாறிவிட்டு நின்றபடியே குடித்தவளிடம் கேட்டேன், "ஏஜெண்டுக்கு இன்னிக்குத்தானே பதில் சொல்லணும்?"

"சொல்லிட்டேன்க்கா. நேத்தே." கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். "நேத்து வெறுங்கூடய வேன்ல ஏத்துறப்ப, ஒருத்தர் மூஞ்ச சுளிச்சாலும் அந்த ஃபேக்டரி வேலக்கிப் போயிடுறதுன்னு நெனச்சிக்கிட்டேன். அவரு திரும்பி வந்து சொன்னாரு, ஆறு வீட்ல கதவ தொறக்கலயாம். தொறந்த வீட்ல யாரும் சுளிக்கலயாம். அப்பவே போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன்."

அந்த ஆறு வீடுகள் இன்னும் திரும்பி வரவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஏமாந்தவர்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. மற்ற இருபத்தாறு வீடுகளுக்கும் டிசம்பர் முழுக்க வெறுங்கூடை போய் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்து, இவர்களுக்கு என்ன ஆயிற்று, காலிக் கூடையை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கிறார்களே என்று நினைத்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் நவமணி மட்டும் விதியை மீறினாள். ஒவ்வொரு கூடையிலும் ஒரு கொத்து கறிவேப்பிலை இருந்தது.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை முதல் கூடை வந்தது. கால்வாசி கூட நிறையாத கூடை. இரண்டு கட்டு கீரை, ஒரு கட்டு கங்கோங் என்கிற தண்ணீர்க்கீரை. மேலே குவித்துக் கட்டிய முருங்கை இலையோ பாண்டானோ எதுவும் இல்லை. இருந்தது இருந்தபடி. நான் பேசினில் உப்புத்தண்ணீர் ஊற்றிக் கீரையை அமிழ்த்திவிட்டு, அடுப்பு வேலையைக்கூட விட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்றேன். நாலாவது நிமிஷம் ஒன்று மேலே வந்தது. பச்சைப் புழு, கட்டை விரல் நகத்தளவு, நெளிந்துகொண்டு.

படம் எடுத்தேன். யேசுதாசன் தடுக்க வரவில்லை. குழுவில் போட்டு, கீழே எழுதினேன், "உயிரோட இருக்கு."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கைகூப்பினார்கள், பூப் போட்டார்கள். கடைசியாகக் கலாதேவி டீச்சர் எழுதினார். "எங்க வீட்டுக் கூடையில் ரெண்டு தரம் பார்த்துவிட்டேன், ஒரு புழுவும் இல்லை. இது என்ன ஓரவஞ்சனை?"

நவமணி இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாகக் குழுவில் ஒரு குறைக்குப் பதில் எழுதினாள். "அடுத்த வாரம் ரெண்டா வச்சி அனுப்புறேன் டீச்சர்."